இருளர் ஊரிலிருந்து வனக் காவலர் பணி வரை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் கிழக்குப் பக்கம், புலிகள் காப்பக எல்லையை ஒட்டி இருக்கிற ஓர் இருளர் ஊரில் நடந்தது இது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. இதில் வருகிற பெண் இப்போது அரசுப் பணியில் இருக்கிறார், அவருடைய அண்ணன் இன்னும் தற்காலிக வேலையில்தான் இருக்கிறார், இருவருக்கும் இதனால் எந்தத் தொந்தரவும் வரக் கூடாது. இதே மாதிரி ஊர்களில் இளைஞர்களோடு வேலை செய்கிறவர்களுக்கும், வனத்துறையில் சேர நினைக்கிற பழங்குடிப் பிள்ளைகளுக்கும் உதவும் என்றுதான் பதிவு செய்கிறேன்.

அந்த ஊரில் வனத்துறைக்கு வேலை செய்யாத வீடே இல்லை என்று சொல்லலாம். கோடை தொடங்கும் முன்னால் தீத்தடுப்புக் கோடு வெட்டப் போவார்கள். உண்ணிச்செடி பிடுங்கப் போவார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பு வந்தால் கேமரா கட்ட எந்த மரம் சரியாக இருக்கும், புலி எந்த ஓடை வழியாக இறங்கும் என்று காட்டிக் கொடுப்பதும் அவர்கள்தான். தமிழ்நாட்டில் 2018ல் 264 ஆக இருந்த புலிகளின் மதிப்பீடு 2022ல் 306 ஆனது என்று செய்தியில் படிக்கிறோம், அந்தக் கணக்குக்காகக் காட்டில் நடந்தவர்களில் இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் நிறையப் பேர். 2021 அக்டோபரில் மசினகுடிப் பக்கம் டி23 என்று எண் வைத்த புலியை உயிரோடு பிடித்தபோதும் தடம் பார்த்துக் கொடுத்தவர்களில் பழங்குடியினர் இருந்தார்கள்.

இவ்வளவு இருந்தும் நான் சொல்கிற ஊரில் 2022 வரை வனத்துறையின் நிரந்தரப் பணியில் ஒருவர்கூட இல்லை. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருந்தார்கள், எல்லாரும் தற்காலிகம். இதை ஊரில் யாரும் ஒரு குறையாகக்கூடப் பேசவில்லை, அது அப்படித்தான் என்று பழகிவிட்டிருந்தது.

நாங்கள் என்று இதில் நான் சொல்வது ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், காட்டுயிர் ஆய்வில் களப்பணி செய்கிற இருவர், ஊர் இளைஞர்கள் சிலர் சேர்ந்த ஒரு சின்னக் குழு. அமைப்பு, பதிவு எண் என்று எதுவும் கிடையாது.

அண்ணனும் தங்கையும்

அண்ணன் வேட்டைத் தடுப்பு முகாமில் பல வருடமாக வேலை பார்க்கிறார். மாதத்தில் பெரும்பாலான நாள் காட்டுக்குள் இருக்கிற முகாம் கொட்டகையில்தான் இருப்பார், அரிசி பருப்பைத் தலையில் சுமந்து போய்ச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு. காலையில் ரோந்துக்குக் கிளம்பும்போது கைபேசியில் எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலியைப் போட்டுவிட்டு நடப்பார், நடந்த பாதை, பார்த்த விலங்கு, தடம், விலங்கின் எச்சம் எல்லாம் அதில் பதிவாகும். தடத்தைக் கண்டுபிடிப்பது அவர். அதை அறிக்கையாக எழுதிக் கையெழுத்துப் போடுவது நிரந்தரப் பணியில் இருக்கிற வேறொருவர்.

தங்கைக்கு 2022ல் இருபது வயது. பிளஸ் டூ முடித்து வீட்டில் இருந்தார். பாட்டியோடு நெல்லிக்காய், கடுக்காய், சீமாறு, கல்பாசி எடுக்கப் போய் வளர்ந்தவர். எங்கள் குழுவில் இருந்த ஆய்வாளர் ஒருவர் கேமராப் படங்களைப் பிரிக்கிற வேலைக்கு அவரைச் சில வாரம் வைத்துப் பார்த்தார். படத்தில் பாதி உடம்பு மட்டும் தெரிகிற விலங்கைக்கூட இது மிளா, இது புள்ளிமான் பெட்டை என்று தயங்காமல் சொன்னார். ஒரே புலி மறுபடி வந்திருக்கிறதா என்பதை விலாப்பக்கக் கோடுகளை வைத்து அவரே கவனிக்கத் தொடங்கினார், அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தச் சமயம் திருப்பூர் மில்லுக்கு ஆள் சேர்க்கிற ஏஜென்ட் ஒருவர் ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தங்கையை அனுப்ப மனம் இல்லை, அனுப்பாமல் இருக்கவும் வழி தெரியவில்லை. அண்ணன்தான் எங்களிடம் வந்து, "என்னை மாதிரி இவளும் தினக்கூலியா நிக்க வேண்டாம், வேற வழி இருக்கா பாருங்க சார்" என்று கேட்டார்.

முதலில் கண்டவை

வனத்துறையில் சேர என்ன வேண்டும் என்று எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் எங்கே என்று தெரிந்தது.

வனக் காப்பாளர் பணிக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், தாவரவியல், விலங்கியல் மாதிரி ஓர் அறிவியல் பாடம் படித்திருக்க வேண்டும். இந்தப் பெண் படித்த உண்டு உறைவிடப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு இல்லை, இருந்த கலைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். காட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவருக்கு வனக் காப்பாளர் கதவு பதினாறு வயதிலேயே சாத்தப்பட்டுவிட்டது, சாத்தினது யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. மிஞ்சியது அதற்குக் கீழ்ப்படியில் இருக்கிற வனக் காவலர் பணி, அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்.

அடுத்தது சாதிச் சான்று. பழங்குடியினருக்கான சான்றைத் தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தர வேண்டும், தாசில்தார் அளவில் முடிகிற வேலை இல்லை. அப்பா இறந்துவிட்டார், அவரிடம் சான்று இருந்ததில்லை. அண்ணனிடமும் இல்லை, தற்காலிக வேலைக்கு யாரும் கேட்கவில்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழில் இருளர் என்று எழுதியிருந்தது, அது மட்டும் போதாது என்றார்கள். ஆதாரில் பிறந்த தேதி ஒன்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இன்னொன்று.

மூன்றாவது, தேர்வு. வனக் காவலர் பணியிடங்கள் குரூப் 4 தேர்வு வழியாக நிரப்பப்படுகிற நிலை வந்திருந்தது. 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் பாதி தமிழ். தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். வீட்டில் இருளர் மொழி பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு வேற்றுமைத் தொகையும் ஆகுபெயரும் எளிதாக வந்துவிடாது. முதல் மாதிரித் தேர்வில் இவர் தமிழில் 60ஐத் தொடவில்லை. பொது அறிவில் உயிரியல் கேள்விகளைச் சரியாகப் போட்டவர் தனிவட்டி, கூட்டுவட்டிக் கணக்குகளை அப்படியே விட்டுவிட்டார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, படிப்பைத் தொடங்கும் முன்னால் சான்றிதழ் வேலையைத் தொடங்குவது. தேர்வில் தோற்றால் மறுபடி எழுதலாம், சான்றிதழ் இல்லாமல் ஜெயித்தால் அந்த ஜெயிப்பு வீண். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக அது நகர்ந்தது, சில மேசையில் நகராமல் கிடந்தது. கடைசியில் கை கொடுத்தது வேறோர் ஊரில் இருந்த பெரியப்பா மகளின் சான்று. இருவரும் ஒரே தாத்தாவின் பேத்திகள் என்று வம்சாவளி எழுதி, ஊர் மூப்பரிடமும் பஞ்சாயத்துத் தலைவரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகு நேரில் விசாரணைக்கு வந்தார்கள். சான்று கைக்கு வந்தபோது 2023 முடியப் போகிறது.

இரண்டாவது முடிவில் குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. நகரத்தில் இருக்கிற பயிற்சி மையத்துக்கு அனுப்பலாம், விடுதிச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை. ஆசிரியர் மறுத்தார். வகுப்பு ஊருக்குள்ளேயே நடக்க வேண்டும், அப்போதுதான் அம்மாக்கள் பெண் பிள்ளைகளை விடுவார்கள், ஒருவர் படிப்பதை நான்கு பேர் பார்ப்பார்கள் என்றார். அவர் சொன்னபடியே செய்தோம். ஆறு பேர் சேர்ந்தார்கள், மூன்று பெண்கள், மூன்று பையன்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் வகுப்பை முடித்துவிடுவோம், அதற்கு அப்புறம் அந்தப் பாதையில் யானை இறங்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் புத்தகங்களும் பழைய வினாத்தாள்களும்தான் பாடம். வேறு கைடு எதுவும் வாங்கவில்லை. நேரத்தில் பாதிக்கு மேல் தமிழுக்கே கொடுத்தோம், ஏனென்றால் அங்கே வழுக்கினால் மீதி எல்லாம் போச்சு.

மூன்றாவது, அந்தப் பெண்ணின் சொந்த முடிவு. கோடையில் தீத்தடுப்புக் காவலராகச் சில மாதம் கூலி வேலை வந்தது. வீட்டில் பணம் தேவை. போனால் படிப்பு விட்டுப்போகும். அவர் போகவில்லை. அந்த மாதங்களில் அண்ணன் தன் சம்பளத்தை முழுசாக வீட்டுக்குக் கொடுத்துவிட்டார், அதற்காக அவர் எதைத் தள்ளிப் போட்டார் என்று கேட்டால் சொல்ல மாட்டார். 2023ல் தெப்பக்காடு யானை முகாமில் பெள்ளி அம்மாள் முதல் பெண் காவடியாக (யானைப் பராமரிப்பு உதவியாளராக) நியமிக்கப்பட்ட செய்தியும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு காக்கிச் சட்டை" என்று கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் அதற்கு அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

விண்ணப்பமும் தேர்வும்

2024 ஜனவரி கடைசியில் குரூப் 4 அறிவிப்பு வந்தது. மற்ற பதவிகளோடு வனக் காவலர் (பழங்குடியின இளைஞர்) என்று தனிப் பதவியே அதில் இருந்தது. ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், தேர்வுக் கட்டணம் பழங்குடியினருக்கு இல்லை. பணம் பெரிய தடை இல்லை. கைபேசிக்கு வருகிற ஓடிபிதான் தடை. ஊருக்குள் சிக்னல் கிடையாது, மேட்டுப் பாறைக்கு ஏறினால்தான் கிடைக்கும், ஆனால் இ-சேவை மையம் இருப்பது கீழே பஸ் போகிற ஊரில். வீட்டில் இருந்த ஒரே கைபேசி அண்ணனோடு முகாமில். கடைசியில் ஆறு பேருக்கும் ஒரு பழைய கைபேசியும் ஆளுக்கொரு சிம்மும் வாங்கி, மாற்றி மாற்றிப் போட்டுப் பதிவை முடித்தோம்.

ஜூன் 9 தேர்வு. ஆறு பேரில் ஒரு பையன் அதற்குள் திருப்பூர் போய்விட்டான். ஐந்து பேர் எழுதினார்கள். இருவர் தமிழில் 60 எடுக்கவில்லை. ஒருவருக்கு மொத்த மதிப்பெண் போதவில்லை. இந்தப் பெண்ணுக்கும் இன்னொரு பையனுக்கும் அக்டோபர் கடைசியில் வந்த முடிவில் நல்ல இடம் இருந்தது.

அந்தப் பையனுடைய சாதிச் சான்று அப்போதும் வரவில்லை. அவன் வகுப்பில் தாமதமாகச் சேர்ந்தவன், விண்ணப்பமும் தாமதம், உறவில் யாரிடமும் சான்று இல்லாததால் விசாரணை இழுத்துக்கொண்டே போனது. சான்றிதழ் சரிபார்ப்புக்கான நாள் கடந்தது, வாய்ப்பும் போனது. மதிப்பெண்ணில் இந்தப் பெண்ணைவிட அவன் ஒன்றிரண்டு கேள்வி கூடுதலாகவே வாங்கியிருந்தான்.

நடைத் தேர்வு

வனப் பணிக்கு உடற்தகுதி உண்டு. பெண்களுக்கு உயரம் 150 சென்டிமீட்டர், பழங்குடிப் பெண்களுக்கு 145. இவர் 147. அப்புறம் நடை: ஆண்களுக்கு நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்களுக்கு 16. இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்தார்கள். நடந்து பார்த்தபோது அப்படி இல்லை.

காட்டில் இவர்கள் நடக்கிற நடை வேறு. கொஞ்ச தூரம் போவார்கள், நிற்பார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள், காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள், வழி மாறுவார்கள். காட்டில் உயிரோடு திரும்பி வர அதுதான் சரியான நடை. தேர்வில் தேவைப்படுவது தார்ச் சாலையில் நிற்காமல், வேகம் குறையாமல் நடப்பது. வாழ்நாள் முழுக்கச் செருப்பிலோ வெறுங்காலிலோ நடந்தவருக்கு கேன்வாஸ் ஷூ போட்டதும் முதல் வாரமே குதிகால் கொப்புளம். அடிவார ரோட்டில் காலையில் அண்ணன் கடிகாரத்தோடு கூட நடந்து பழக்கினார். ஒன்றரை மாதத்தில் சரியானது. தேர்வு நாளில் நேரம் மிச்சம் வைத்தே முடித்தார்.

பணியில் சேர்ந்த பிறகு

2025ல் பணியில் சேர்ந்தார். அடிப்படைச் சம்பளம் 16,600 ரூபாயில் தொடங்குகிற பதவி. சொந்த ஊரிலிருந்து தள்ளி, வேறொரு வனச் சரகம். வேலையைப் பொறுத்தவரை அவருக்குச் சொல்லித் தர அதிகம் இல்லை, எழுதுவதைத்தான் பழக வேண்டியிருந்தது. வழக்குப் பதிவு, மகஜர் (சாட்சிகள் முன்னால் எழுதுகிற பதிவு), நாட்குறிப்பு எல்லாம் அலுவலகத் தமிழில் எழுத வேண்டும். வனவர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். தங்குமிடம்தான் பிரச்சினை. முகாம் கொட்டகைகள் ஆண்கள் தங்குவதை மட்டும் மனதில் வைத்துக் கட்டியவை, கழிப்பறையோ தாழ்ப்பாள் போட்ட அறையோ கிடையாது. அதனால் அவரை இரவு முகாமுக்கு அனுப்பவில்லை, சோதனைச் சாவடியில் உட்கார வைத்தார்கள். பாதுகாப்புக்காகத்தான் செய்தார்கள், ஆனால் காடு தெரிந்த ஒருவர் வண்டி எண் எழுதிக்கொண்டு இருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் நெல்லிக்காய் பருவத்தில் நடந்தது இந்த ஆய்வில் முக்கியமான பகுதி என்று நான் நினைக்கிறேன். சாவடியில் அவர் இருந்த நேரத்தில் பக்கத்து இருளர் ஊரிலிருந்து நான்கு பேர் மூட்டையோடு வந்தார்கள். ஒருவர் அவருக்குத் தூரத்து மாமன். உடன் இருந்த ஊழியர் மூட்டையைப் பிடுங்கி வைக்கச் சொன்னார், புலிகள் காப்பகத்துக்குள்ளிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது என்பது அவர் நினைப்பு. "யூனிபார்ம் போட்டதும் மாமனைத் தெரியலையா பாப்பா?" என்று மாமன் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டார்.

அந்தப் பெண் மூட்டையையும் பிடுங்கவில்லை, உடன் பணிபுரிகிறவரோடு சண்டையும் போடவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில், மரபாகச் சேகரித்து வந்த சிறு வன விளைபொருட்களை எடுக்கவும் விற்கவும் காட்டில் வாழும் பழங்குடியினருக்கு உரிமை இருக்கிறது, சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். தேர்வுக்காகப் படித்தபோது அதைத் தனியாகக் குறித்து வைத்திருந்தார். வனச் சரக அலுவலரான சரகரிடம் போனில் பேசி, இதைச் சொல்லி, முடிவு வரும் வரை மூட்டைகள் அங்கேயே இருக்கட்டும், யார் மேலும் வழக்கு வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். சரகர் நேரில் வந்தார். அன்று மூட்டைகள் திரும்பிப் போயின. அடுத்த மாதம் அந்த ஊர்க் கிராம சபையின் வன உரிமைக் குழுவோடு சரக அலுவலகம் உட்கார்ந்து பேசியது. எந்தப் பாதை வழியாக எந்த மாதங்களில் போகலாம், மரத்தை வெட்டாமல் கிளையை எவ்வளவு வளைக்கலாம், குட்டியோடு யானை நிற்கிற பள்ளத்தை எப்போது தவிர்க்க வேண்டும் என்று பேசி எழுதிக்கொண்டார்கள். அந்தத் தாளை எழுதியது இவர்தான்.

மாமன் இன்னும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரில் சிலருக்கு அவர் துறை ஆள், துறையில் சிலருக்கு அவர் ஊர் ஆள். இந்த நெருக்கடியில் அவரோடு பேச அவர் நிலையில் இருக்கிற இன்னொரு பெண் அந்தக் கோட்டத்தில் இல்லை.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

அடுத்த குழுவில் நாங்கள் முதலில் மாற்றியது தொடங்குகிற வயதை. இருபது வயதில் குரூப் 4க்குத் தயார் செய்வதைவிட ஒன்பதாம் வகுப்பில் இருக்கிற பிள்ளையின் சாதிச் சான்றை எடுத்து வைப்பதும், பத்து முடித்ததும் அறிவியல் பிரிவு இருக்கிற பள்ளியில் சேர்ப்பதும் பல மடங்கு பலன் தரும். உயிரியல் படித்தால் வனக் காப்பாளர் பணிக்குப் போகலாம், மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரியில் இளநிலை வனவியல் படிக்க விண்ணப்பிக்கலாம், அங்கிருந்து வனவர், சரகர் என்று வழி திறக்கும். பழங்குடியினருக்கு 1 சதவீத இட ஒதுக்கீடுதான், இடங்கள் குறைவு, அதனால் தகுதியோடு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் வேண்டும்.

சான்று ஒருவருக்குக் கிடைத்ததும் அதே குடும்பக் கொடியில் இருக்கிற எல்லாருக்கும் உடனே விண்ணப்பிப்பதை வழக்கமாக்கினோம். அந்த ஊரில் இப்போது வம்சாவளி ஒரு நோட்டில் இருக்கிறது, மூப்பர் வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

துறை பக்கம் மாற வேண்டியது இரண்டு. ஒன்று, பெண் ஊழியர்கள் தங்குகிற மாதிரி முகாம்கள். அது இல்லாமல் பெண்களைச் சேர்ப்பது சாவடிக்கு ஆள் சேர்ப்பதாகவே முடியும். இன்னொன்று, தேர்வு. பழங்குடியின இளைஞர்களுக்கென்று தனிப் பதவி வைத்தது நல்ல காரியம், அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் தடம் பார்ப்பது, மரம் அறிவது, தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிப்பது, இதற்கெல்லாம் அந்தத் தேர்வில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. ஒரு களத் தேர்வைச் சேர்த்து அதற்கும் மதிப்பெண் கொடுத்தால் அண்ணனைப் போல முகாமில் பல வருடம் கழித்தவர்களுக்கு வழி பிறக்கும்.

அண்ணன் இப்போதும் அதே முகாமில் இருக்கிறார். அவர் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவர். தங்கையின் வற்புறுத்தலில் தனித்தேர்வராக எழுத விண்ணப்பித்திருக்கிறார், கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் சான்றிதழ் வராமல் வேலையை இழந்த அந்தப் பையன். அவனுக்குச் சான்று பிறகு வந்துவிட்டது, இப்போது ஒரு காட்டுயிர் ஆய்வில் கள உதவியாளராக இருந்துகொண்டு அடுத்த அறிவிப்புக்குப் படிக்கிறான். கீழே இருக்கிற மேல்நிலைப் பள்ளியில் அந்த ஊர்ப் பெண் பிள்ளைகள் இருவர் இந்த ஆண்டு உயிரியல் பிரிவில் சேர்ந்திருக்கிறார்கள். விடுதி இடம் ஒருவருக்குத்தான் உறுதியாகியிருக்கிறது, மற்றவளுக்காக அலைந்துகொண்டிருக்கிறோம்.